பொல்லாத மாமியாரின் ஒரே பிரதி

உபால்டோ சாரிஸ் தன் வாழ்நாளில் எவனுக்கும் ஒரு பாட்டை இரவல் கொடுத்ததில்லை. ரெபோலோ பேட்டையின் பழைய ஆட்கள் அவரைக் கஞ்சன் என்பார்கள். சுத்தப் பொய். பசி என்று வாசலில் வந்து நின்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டையே தள்ளிக் கொடுப்பார். பாட்டைக் கேட்டால்தான் ஆள் மாறிவிடுவார்.

துறைமுக ஊரான பர்ரங்கியாவில் பிக்கோ வைத்திருந்தவர்கள் எல்லோருமே அந்தக் காலத்தில் அப்படித்தான். கதவு உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி, முகப்பில் கண்ணைப் பறிக்கிற பெயின்ட்டில் ஒரு படம், சனிக்கிழமையானால் தெருவை மறித்து ஆட்டம், அதுதான் பிக்கோ. உபால்டோவின் பெட்டிக்குப் ‘பொல்லாத மாமியார்’ என்று பெயர். முகப்புப் படத்தில் உலக்கையை ஓங்கிக்கொண்டு ஒரு கிழவி முறைப்பாள். பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஊரில் வேறு யாரிடமும் இல்லாத பாட்டு இருந்தால்தான் கூட்டம் வரும். கப்பல்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ரெக்கார்டு கொண்டுவருவார்கள். கைக்கு வந்த அன்றே உபால்டோ அதன் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பிளேடால் சுரண்டிவிடுவார். பாடினவன் யார், எந்த ஊர், ஒன்றும் மிச்சமிருக்காது. அப்புறம் அதற்குத் தானே ஒரு பெயர் வைப்பார்: ‘பல்வலி’, ‘விதவையின் செருப்பு’, ‘கழுதைக்குக் கல்யாணம்’.

அந்தப் பெயரை மைக்கில் சொல்கிறவள் அவர் மனைவி அராசெலி. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து, “வந்துட்டேன் மருமகனே, காலை மடக்கி உட்காரு! இது பல்வலி! மாமியார் வீட்டுல மட்டும்தான் கிடைக்கும்!” என்று ஒரு போடு போடுவாள். இதற்கு முத்திரை என்று பெயர். யார் வீட்டுச் சொத்து என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு வசனம். எல்லாம் அந்த நேரத்தில் வாயில் வருவதுதான், எழுதிவைத்ததோ பதிந்துவைத்ததோ கிடையாது. ஆட்டத்தில் எவன் கையிலாவது டேப் ரெக்கார்டரைக் கண்டால் உபால்டோ பிடுங்கித் தரையில் அடித்துவிடுவார். எத்தனை உடைத்தாரோ, எனக்கே ஏழெட்டு ஞாபகம் இருக்கிறது. கை போன் காலம் வருவதற்குள் ஆட்டங்கள் நின்றுவிட்டன. அராசெலிக்குப் போனும் ஆகாது. “வாசல்ல நின்னு கூப்பிட்டா நாலு தெரு கேக்குது, எனக்கெதுக்குடி அந்தச் சனியன்?” என்பாள்.

நான் மார்லிஸ். அவர்கள் வீட்டுக்கு அடுத்த மூலையில் போனும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் செய்கிற கடை என்னுடையது. ‘அழிந்துபோன போட்டோ, பாட்டு மீட்டுத் தரப்படும்’ என்று வாசலில் போர்டு மாட்டியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே அவரை மாமா என்றும் அவளை அத்தை என்றும்தான் கூப்பிடுவேன். வாய்த்துடுக்கு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. கோபம் அதைவிட ஜாஸ்தி. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னை நல்லவள் மாதிரி காட்டிக்கொண்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

எழுபது வயதில் உபால்டோவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஊசியை ரெக்கார்டின் மேல் வைக்கப் போனால் கீறல் விழும். வேறு யாரையும் தொட விடமாட்டார். ஆட்டங்கள் நின்ற பிறகும் வீட்டில் பாடிக்கொண்டிருந்த பெட்டி, ஒரு வருஷம் வாயே திறக்கவில்லை. அந்த ஜனவரியில் அராசெலிக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுத்தாக வேண்டும், கார்னிவல் முடிந்ததும் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் கடைக்கு வந்தாள்.

“அடியே மார்லிஸ், கிழவனோட ரெக்கார்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். நான் படுத்த படுக்கையா கிடந்தாலும் சமையலறை, படுக்கையறை, கொல்லை எங்க வேணாலும் பாட்டு வரணும். அவன் ஊசியத் தொடாம போன்ல அமுக்கினா போதுங்கற மாதிரி. முடியுமா?”

“முடியும் அத்தை. ஒரு சின்னப் பெட்டி, ஒரு டிஸ்க், வீட்டு வைஃபை, நாலு ஸ்பீக்கர்.”

“என் முத்திரையும் அதுல இருக்கணும். எல்லாப் பாட்டுலயும். வாய் இருக்கும்போதே வாங்கிக்கோ.”

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் அவர்கள் வீட்டில் பஞ்சாயத்து. பாட்டை எந்த வடிவில் வைப்பது? எம்பி3 என்றால் காதுக்குப் பிடிபடாததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுச் சின்னதாகச் சுருக்கும். ஃபிளாக் என்றால் மடிக்குமே தவிர ஒன்றையும் எறியாது, ஆனால் நாலைந்து மடங்கு இடம் பிடிக்கும். நான் இரண்டையும் போட்டுக் காட்டி, எது எது என்று சொல்லாமல் கேட்டேன். உபால்டோ ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, “இதுதான் முழுசு. அடிச்சத்தம் எப்படி நெஞ்சுல இடிக்குது பாரு” என்றார்.

அது எம்பி3.

அராசெலி சிரித்த சிரிப்பில் துவரைக் குழம்புக் கரண்டி கையிலிருந்து விழுந்தது. “நாப்பது வருஷம் பிக்கோ வச்சவனோட காதைப் பாருங்கடி!”

“திருப்பிப் போடு,” என்றார். போட்டேன். மறுபடியும் தப்பு.

“சரி, தெரியல. தெரியலைங்கறதுக்காக வெட்டினதை வச்சுக்க நான் என்ன பிச்சைக்காரனா? முழுசாவே வை.”

நல்லது, முழுசாகவே வைக்கலாம் என்றேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு. நான் சொன்ன டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்குகூட நிறையாது. இடம் ஒரு பிரச்சினையே இல்லை. அடுத்து நான் வாயைத் திறந்தபோதுதான் வந்தது வினை.

“மாமா, ரெண்டு டிஸ்க் போடணும். ஒண்ணு வீட்டுல. இன்னொண்ணு அதோட காப்பி, என் கடையில இருக்கட்டும்.”

“என்ன சொன்னே?”

“காப்பி. டிஸ்க்குன்னா என்னிக்காவது ஒரு நாள் சாகும். நம்ம ஊர்ல கரண்ட் போய்ப் போய் வர்ற லட்சணத்துக்குச் சீக்கிரமே சாகும்.”

“எங்கிட்ட காப்பிங்கற வார்த்தையைச் சொல்லாதே. ஒரு பாட்டு ரெண்டு இடத்துல இருந்தா அது என் பாட்டே இல்ல. சந்தைச் சரக்கு.”

“ஐயோ மாமா, அதே பாட்டைச் சுருக்கி எம்பி3-ஆ ஒரு மெமரி கார்டுல போட்டுத் தரேன். நகத்தளவுதான் இருக்கும். மாதா படத்துக்குப் பின்னால ஒளிச்சு வைங்க.”

“நகத்தளவு இருந்தா எவன் சட்டைப்பைக்குள்ளயும் நடந்து போயிடும். வேண்டாம். ஒரு டிஸ்க். என் வீட்டுல. அவ்வளவுதான்.”

அராசெலி எனக்குக் கண்ணைக் காட்டினாள், விடுடி என்று. விட்டேன்.

மூன்று வாரம் பதிந்தோம். அராசெலி போட்ட அதட்டலில் ஊசியை நானே வைத்தேன், அவர் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அராசெலி முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் கேட்டு ஒரு வசனம் சொல்வாள். முதல் வாரம் குரல் கணீரென்று இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு முத்திரைக்கு நாலு தடவை தண்ணீர் குடித்தாள். ‘விதவையின் செருப்பு’ வந்தபோது, “இது என்னோடது இல்ல, அவன் செத்தாத்தானே நான் விதவை, இந்தக் கிழவன் எங்க சாவான்!” என்றாள். அதையும் சேர்த்தே வைக்கச் சொன்னார் உபால்டோ. குரலைத் தனியாக யாரும் உரித்தெடுக்க முடியாதபடி பாட்டோடு கலந்துவிடச் சொன்னதும் அவர்தான்.

கடைசி நாள், அவர் ரொட்டி வாங்கப் போன நேரம் பார்த்து அராசெலி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவன் கழுதை. நீ ஒண்ணு வச்சுக்கோ. அவனுக்குத் தெரிய வேண்டாம். நான் போனப்புறம் இந்தக் குரல் இல்லாம அவன் என்ன பண்ணுவான்னு எனக்குத்தான் தெரியும். வச்சுக்குவியா?”

“வச்சுக்கறேன் அத்தை.”

“கார்மென் மாதா மேல?”

“மாதா மேல.”

வைத்துக்கொண்டேன். பாட்டும், கலப்பதற்கு முன்னால் எடுத்த தனிக் குரலும், எல்லாம் கடையில் ஒரு டிஸ்க்கில் இருந்தன. ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஓட்டையும் கையில் ஒரு நோட்டுப் புத்தகமுமாக அராசெலி வீடு திரும்பினாள். வீடு முழுக்க அவள் குரல் கேட்க, அவள் வாயைத் திறக்காமல் மரவள்ளிக்கிழங்கு உரிப்பாள். எனக்குப் பார்க்கவே என்னவோ போலிருக்கும். அவளுக்கு அது பிடித்திருந்தது. தன் வசனத்துக்குத் தானே தோளைக் குலுக்கிச் சிரிப்பாள்.

காப்பி எடுத்தால் போதாது, அவ்வப்போது போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் அது பாலபாடம். ஏப்ரலில் ஒரு மத்தியானம் அதைத்தான் செய்தேன். ஹெட்போனில் கேட்டிருக்கலாம். கேட்டேனா? கடையில் நாலு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், ஊரில் இல்லாத பாட்டு என் கையில் இருக்கிறது, பீற்றிக்கொள்ளும் ஆசை. ஸ்பீக்கரிலேயே போட்டேன். ஒருத்தன், “யக்கா, இது என்ன பாட்டு? எனக்கு அனுப்பேன்” என்று போனை நீட்டினான். நான் பதில் சொல்வதற்குள் வாசலில் உபால்டோ நின்றார்.

“திருடி!”

“மாமா, உள்ள வாங்க, சொல்றேன்...”

“திருடி! என் வீட்டுல சோறு தின்னுட்டு, என் பொண்டாட்டி குரலைத் திருடி விக்கிறியா? எல்லாரும் கேட்டுக்குங்க, இவ கடையில எதையும் குடுக்காதீங்க, இவ திருடி!”

தெருவே கூடிவிட்டது. அத்தைதான் வைத்துக்கொள்ளச் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்குப் போய் அவளிடம் கத்துவார், திருப்பிக் கத்த அவளுக்குத் தொண்டை இல்லை. அதனால்தான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மைதான். மீதிப் பாதி ரோஷம். இருபது வருஷமாக இந்தத் தெருவில் கடை வைத்திருக்கிறேன், ஒருத்தர் போனில் ஒரு போட்டோவைத் திறந்து பார்த்ததில்லை. என்னைப் போய்த் திருடி என்றால்?

“அழிக்கணும் அவ்வளவுதானே? உட்காருங்க. உங்க கண்ணு முன்னாலயே அழிக்கிறேன்.”

ஒரு முக்காலியைத் தூக்கி அவர் முன்னால் டொக்கென்று போட்டேன். டிலீட் பட்டனை அமுக்கினால் அவருக்குப் போதும். ஆனால் அப்படி அழித்ததை என்னைப் போல ஒருத்தி திரும்ப எடுத்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. டிஸ்க் முழுவதும் முதலிலிருந்து கடைசிவரை சுழியம் சுழியமாக மேலெழுதும் புரோகிராமை ஓட்டினேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும் ஒன்றும் கிடைக்காது. நான்கு மணி நேரம் ஆனது. அந்த நான்கு மணி நேரமும் அவரை அதே முக்காலியில் உட்கார வைத்தேன், கை நடுங்க நடுங்க. ஒரு வாய்க் காப்பி கொடுக்கவில்லை. திரையில் நூறு சதவீதம் என்று வந்ததும், “இப்போ சந்தோஷமா? கடவுளே வந்தாலும் இனிமே எடுக்க முடியாது. போங்க வெளியே” என்றேன்.

என் வாயில் புழு விழ.

மறுநாள் அராசெலி ஓர் ஆளை அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் நோட்டில் எழுதிக் காட்டினாள்: ‘அழிச்சிட்டியா?’

தலையை ஆட்டினேன்.

‘எல்லாமா?’

ஆட்டினேன். அவள் பக்கத்தைப் புரட்டிப் பெரிதாக எழுதினாள்: ‘ரெண்டு கழுதைங்க.’

அன்றே அவர் டிஸ்க்கைக் கேட்டு வாங்கி இன்னொரு காப்பி எடுத்திருக்கலாம். அவள் உதவியிருப்பாள். ஆனால் திருடி என்று சொன்ன வீட்டுக்குள் நான் ஏன் போக வேண்டும்? அவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்தேன். அவர் வரவில்லை. நான் போகவில்லை. ஆறு மாசம் இப்படியே போனது. அக்டோபரில் அராசெலி இறந்தாள்.

ஒன்பது நாள் ஜெபத்துக்குப் போனேன். ஜெபமாலை முடிந்ததும் அவர் போனில் அமுக்கினார். நாலு அறையிலிருந்தும், “வந்துட்டேன் மருமகனே!” என்று அவள் வந்தாள். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, என்னையும்தான். அதற்குப் பிறகு ஆறு ஏழு மாசம் அந்த வீட்டில் ஒரே சத்தம். காலையில் சமையலறையில் அவளைப் போடுவார், மத்தியானம் கொல்லையில் போடுவார். சில நேரம் அவர் பதில் சொல்வதும் தெருவில் கேட்கும். “சரிடி, சரிடி, உட்கார்ந்துட்டேன்” என்பார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். பிடிக்கவில்லை. மனுஷன் வாழ்ந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மே மாச மழையில் ஒரே நாளில் ஒன்பது தடவை கரண்ட் போனது. ஒன்பதாவது தடவை அந்த வீடு வாயடைத்துவிட்டது.

மூன்றாம் நாள் உபால்டோ கடைக்கு வந்தார். கையில் பிடித்தால் நழுவிவிடும் என்று டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, பையில் போட்டு, பையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். அதற்குள் நாற்பது ஐம்பது தடவை போட்டுப் போட்டு அணைத்திருக்கிறார். எவனோ சொன்னான் என்று ஃப்ரீசரில் வேறு வைத்திருக்கிறார். காதருகே பிடித்தேன். உள்ளே டிக் டிக் என்றது. உள்ளேயிருக்கும் முள் தகட்டைப் பிராண்டுகிற சத்தம் அது.

“என்னால முடியாது மாமா. திறந்தா தூசி விழும். தலைநகர்ல இதுக்குன்னே இடம் இருக்கு, அனுப்பிப் பார்ப்போம்.”

“எவனாவது காப்பி எடுத்துக்குவானோ?” என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. “அனுப்பு” என்றார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தகடு முழுக்கச் சிராய்ப்பு, ஒரு ஃபைல்கூடத் தேறாது. நானே வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று செருப்பை மாட்டும்போது அவரே கடைக்கு வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். முக்காலியை இழுத்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ரகசியம் பேசுகிறவர் மாதிரி கேட்டார்.

“பரவாயில்ல. நீ ஒண்ணு வச்சிருக்கேல்ல?”

“மாமா?”

“அன்னிக்கு எனக்காக ஒரு நாடகம் போட்டே. எனக்குத் தெரியும். நீ கெட்டிக்காரி. வேற எங்கயாவது ஒண்ணு ஒளிச்சு வச்சிருப்பே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ திருடிதானே? தெரு முழுக்கக் கேக்கச் சொன்னேனே? நான் சொன்னது சரிதான்னு சொல்லு.”

“இல்ல மாமா.”

“ஒரே ஒரு பாட்டு போதும். பல்வலி மட்டும்.”

“இல்ல.”

“அழிச்சதை மீட்டுத் தரேன்னு வாசல்ல போர்டு வச்சிருக்கியே!”

“அழிச்சிருந்தா மீட்டிருப்பேன். நான் மேல எழுதிட்டேன், மாமா. திரும்ப வரவே கூடாதுன்னு எழுதினேன். நீங்க கேட்டதைவிட ஜாஸ்தியா பண்ணிட்டேன். கோபத்துல.”

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. தனியாகச் சுமந்து சுமந்து அலுத்துப்போயிருந்தேன்.

“அத்தைதான் வச்சுக்கச் சொன்னா. மாதா மேல சத்தியம் வாங்கினா. உங்களுக்காகத்தான்.”

“அவளா?”

“அவதான்.”

“நாம அழிச்சது அவளுக்குத் தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொல்ல எனக்கு என்ன கேடு?

“தெரியும்,” என்றேன்.

அவர் எழுந்தார். பையை மறுபடியும் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பார்த்தார், கை கேட்கவில்லை, நான்தான் மாட்டிவிட்டேன். வாசல்வரை போய்த் திரும்பி, “அப்போ அதுக்கப்புறமும் ஆறு மாசம் எனக்குச் சமைச்சுப் போட்டிருக்கா” என்றார். அவர் தெருமுனை தாண்டும்வரை அடக்கிக்கொண்டேன், அப்புறம் கடையைச் சாத்திவிட்டு அழுதேன்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. ரெக்கார்டுகளெல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் போய் ஊசி வைத்துத் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவள் இல்லாத பாட்டு வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் தினமும் கடைப்பக்கம் வருகிறார். வாசலில் நின்று, “ஏய் திருடி, ஏதாவது கிடைச்சுதா?” என்கிறார். “இல்ல மாமா” என்கிறேன். தெருவில் போகிறவர்கள் ஏதோ கேலி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அவர் ஒரு நிமிஷம் நின்று, நான் இன்னொரு தடவை யோசித்துப் பார்க்க நேரம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் போகிறார்.